போன் ரிப்பேர் அக்கா கேட்ட கேள்வி

ஊரார் போனையெல்லாம் சரி செய்கிறவள், தன் மகளுக்கு மட்டும் போன் தரவில்லை. "சொந்த வீட்டுக்கு சப்ளை கிடையாதா அக்கா?" என்று எதிர்க் கடைத் தையல்காரர் வாரத்துக்கு ஒரு முறையாவது சீண்டுவார். அக்கா தலை நிமிராமல் திருகாணியைக் கழற்றிக்கொண்டிருப்பாள்.

பதினோரு வருடத் தொழில். கணவர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் வெளியூர். உடைந்த திரை, உப்பிப்போன பேட்டரி என்று அவள் மேசைக்கு வருவதில் பாதி இப்போது பள்ளிப் பிள்ளைகளுடையவை. "சோறு திங்கும்போதும் கையை விட்டு இறங்குறதில்லம்மா" என்று பெற்றோர் புலம்புவதைக் கேட்டுக் கேட்டுத்தான், பத்தாவது முடிகிற வரை போன் இல்லை என்று மகளிடம் கறாராகச் சொல்லிவிட்டாள்.

மகளுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக் கால்பந்து அணியில் கோல்கீப்பர். ஒரு சாயங்காலம் கடைக்கு வந்தவள் பையை விசிறி எறிந்தாள். அழுதிருந்தாள்.

"என்னை டீம்லேருந்து தூக்கிட்டாங்க."

"ஏன்டி?"

"பிராக்டிஸை காலைக்கு மாத்தி வாட்ஸ்அப் குரூப்ல போட்டாங்களாம். எனக்கு எப்படித் தெரியும்? எல்லார்கிட்டயும் போன் இருக்கும்மா."

அக்காவுக்குச் சுருக்கென்றது. வேண்டாம் என்று சொன்னது அவள். அடி வாங்கியது பிள்ளை. 'நாளைக்கே ஒண்ணு ரெடி பண்றேன்' என்ற வார்த்தை வாய் வரை வந்தது.

அந்த நேரம் பார்த்து, அதே அணியில் ஆடும் ஒரு பெண்ணின் அப்பா மகளுடைய உடைந்த போனோடு வந்தார்.

"எதுக்கு சார் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தீங்க?" என்று கேட்டாள்.

"எனக்கென்ன ஆசையா? கேப்டன் பொண்ணு வச்சிருக்கான்னு ஒரே அடம்."

மறுநாள் கேப்டனின் அம்மாவைத் தேடிப் போனாள். அவர் ஒரு நர்ஸ். முந்தின நாள் கடைக்கு வந்தவர் சொன்னதை அவரிடம் சொன்னாள். "நாங்களா? அவங்க வீட்ல வாங்கினதாலதானே நாங்களே வாங்கினோம்!" என்றார்.

அக்காவுக்கு விஷயம் பிடிபட்டது. அணியில் பதினாறு பிள்ளைகள். பெற்றோரெல்லாம் ஒரு நாள் கூடிப் பேசலாம் என்று கேட்டு, ஒரு வாரம் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வீடு வீடாக நடந்தாள். ஒருவர், "உன் பிள்ளையை நீ பாரு, என் பிள்ளையை நான் பார்த்துக்கறேன்" என்று கதவைச் சாத்தினார். முகம் சுண்டிப்போனாலும் அடுத்த படி ஏறினாள்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் பெற்றோர் கூடினார்கள். அக்கா பிரசங்கம் எதுவும் செய்யவில்லை.

"யாரைப் பார்த்து வாங்கிக் கொடுத்தீங்க? அவங்களைக் கை காட்டுங்க, போதும்."

ஆளுக்கொரு பக்கம் கை நீண்டது. நீட்டியவரைப் பார்த்தே இன்னொரு கை. ஒரு நிமிஷம் திருதிருவென்று விழித்தவர்கள் குபீரென்று சிரித்துவிட்டார்கள். கோச்சும் தலையைச் சொறிந்தார். "குரூப்ல போட்டா எனக்கு வேலை மிச்சம்னு பார்த்தேன். தப்பு என்னோடதுதான்."

அன்றே முடிவானது. இனி பயிற்சி விவரம் முந்தின நாளே பெற்றோர் போனுக்குப் போகும். பத்தாவது வரை பிள்ளைகள் கையில் போன் இருக்காது. பன்னிரண்டு குடும்பங்கள் சம்மதித்தன. முதல் வாரம் வீடுகளில் ரகளைதான். மூன்றாவது வாரம், பயிற்சி முடிந்தும் பிள்ளைகளை மைதானத்திலிருந்து கிளப்புவது பெரும்பாடாகிவிட்டது. கதவைச் சாத்தினாரே, அவருடைய மகள் தானே போனைக் கொண்டுவந்து அப்பாவிடம் நீட்டினாளாம்: "இதை நீங்களே வச்சுக்கங்கப்பா. வேன்ல அவங்கெல்லாம் கதை பேசிச் சிரிக்கிறாங்க, நான் மட்டும் குனிஞ்சு உக்காந்திருக்கேன்."

அக்காவின் மகளை அணியில் சும்மா சேர்த்துக்கொள்ளவில்லை. மறுபடி தேர்வு வைத்தார்கள். பத்து பந்தில் எட்டைப் பிடித்து இடத்தை மீட்டாள். பள்ளிகளுக்கு இடையிலான போட்டியில் இறுதி ஆட்டம் வரை போனார்கள். கடைசி நிமிஷத்தில் மூலையை நோக்கி வந்த பந்தை அவள் பாய்ந்து தட்டிவிட்டபோது, மைதான ஓரத்தில் நர்ஸம்மாவும் அக்காவும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குதித்தார்கள்.

கோப்பை அந்த வாரம் முழுக்க ரிப்பேர் கடைக் கண்ணாடிக்குள் இருந்தது. "யாரோடது அக்கா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் தையல்காரரே முந்திக்கொண்டு, "நம்ம அக்கா பொண்ணு டீமோடது!" என்று பதில் சொன்னார்.