வருவாருங்க

பெருமாநல்லூரில் எங்கள் பனியன் கம்பெனிக்கு எதிர்த் தோட்டத்தில் எள் போட்டிருந்தவர் அவர். வெயிலில் கறுத்த ஒல்லி உடம்பு. தலையில் எப்போதும் கழிவுப் பனியன் துணியில் ஒரு கட்டு. மழையைப் பற்றிப் பேசினால் மட்டும் ஒரு பெரிய மனிதரைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார்.

“மழை வருமாங்க?” என்று டீக்கடையில் கேட்டால், “வருவாருங்க. எந்த வருசம் நம்மளக் கைவுட்டாரு?” என்று வானத்தைப் பார்த்துக் கும்பிடுவார். கிணறு வறண்டுபோன இந்தச் சித்திரையிலும் அப்படித்தான் கும்பிட்டார்.

அறுத்த எள்ளுச் செடிகளை அவர் தோட்டத்தில் காயப்போட்டிருந்த ஒரு மாலையில் மழை கொட்டித் தீர்த்தது. கம்பெனியே வாசலுக்கு ஓடிவந்து ஆசை தீர நனைந்தது. மறுநாள் காலை அந்தச் சந்தோஷம் மாறாமல் வேலியோரம் நின்று, “நேத்து வந்துட்டாருங்களே!” என்றேன்.

அவர் குனிந்து, சேற்றில் உதிர்ந்து கிடந்த எள்ளை விரலால் வழித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“ஆமாங்க. வந்துச்சுங்க.”

எனக்குக் கொடுத்த மரியாதை குறையவில்லை. மழைக்குக் கொடுத்ததுதான் போயிருந்தது. இப்போதெல்லாம் மேகம் கூடினால், மழை வருமா என்று அவரிடம் கேட்க எனக்கு வாய் வருவதில்லை.