மேல் லயம், நாலாம் வீடு

அலுவிகாரைச் சந்தியில் பிரின்ஸி நடத்தும் போட்டோகொப்பிக் கடையில் இருப்பது ஒரே ஒரு கணினி. ஆறு வருடங்களுக்கு முன், பழுது பார்க்க வந்த றினோஸ் அதில் ஒரு மென்பொருளைப் போட்டுக் கொடுத்தான். கோப்புறை என்று எதுவும் கிடையாது. திரை முழுவதும் எல்லையில்லாத ஒரே பலகை. எதையும் எங்கேயும் வைக்கலாம். மவுஸ் சில்லை முன்னால் உருட்டினால் கிட்டே வரும், பின்னால் உருட்டினால் எல்லாம் புள்ளிகளாகித் தூரப் போகும்.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்த பிரின்ஸி அந்தப் பலகையில் தோட்டத்தையே கட்டிவிட்டாள். உச்சியில் மாதா கோயில், அதற்குக் கீழே மேல் லயம், பாதையைத் தாண்டினால் கீழ் லயம். ஸ்கேன் செய்த தாள்களுக்கு அவள் பெயர் வைப்பதில்லை. எந்த வீட்டுத் தாளோ, அந்த வீடு இருக்கும் இடத்தில் வைத்துவிடுவாள். மூன்று உருட்டலில் கைக்கு வந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை காலையில் சுந்தரலிங்கம் வந்தார். மேல் லயம், நாலாம் வீடு. போன மாத மழையில் மண் சரிந்து அந்த வீடு போய்விட்டது. புது வீட்டுப் பட்டியலில் பெயர் வர வேண்டுமென்றால், அவர் அங்கே குடியிருந்ததாகத் தோட்டத்தை நிர்வகித்த துரை எழுதித் தந்த கடிதம் வேண்டும். துரை செத்து இரண்டு வருடம். கடிதம் மண்ணுக்கடியில். மிச்சமிருப்பது பிரின்ஸியின் ஸ்கேன் மட்டும். இன்று மூன்று மணிக்குள் யட்டவத்த அரசாங்க அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.

"அவசரமில்ல புள்ள, பன்னெண்டரை பஸ்ஸப் புடிச்சாப் போதும்."

கணினியைத் திறந்தாள். கோயிலும் இல்லை, லயமும் இல்லை. நாலாயிரம் சின்னச் சதுரங்கள் வரிசை வரிசையாக நின்றன. றினோஸுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, தோட்டத்தையே காணோம்!"

"நேத்து அது ஏதாச்சும் கேட்டிச்சா அக்கா?"

"அடுக்கி வைக்கவான்னு கேட்டிச்சு. நத்தார்ப் பண்டிகை வருதே, இதையும் அடுக்கட்டும்னு ஆம் அடிச்சேன்."

"போச்சு. இனித் திருப்ப ஏலாது. வேற எங்கயாச்சும் கொப்பி இருக்கா?"

"இல்லயே."

"கொப்பிக் கடை வச்சிருக்கீங்க, உங்களுக்கு ஒண்ணு எடுத்து வைக்கலியே!"

திகதியை வைத்துத் தேடலாமென்றால், எல்லாவற்றிலும் நேற்றைய திகதியே இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாமே வெள்ளைத் தாள். ஒவ்வொன்றாகக் கிட்டே இழுத்துத்தான் படிக்க வேண்டும். மரணச் சான்றிதழ். பரீட்சைப் பெறுபேறு. மறுபடியும் மரணச் சான்றிதழ்.

சுந்தரலிங்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரையின் இடது மூலையில் விரலை வைத்தார்.

"இங்கதானே நம்ம வீடு இருந்திச்சு? பலா மரத்துப் பக்கம்?"

"இப்ப அங்க இல்ல மாமா."

"அங்கயும் இல்ல, இங்கயும் இல்லயா?" என்று சிரிக்கப் பார்த்தார். விரலை மட்டும் எடுக்கவில்லை.

பன்னிரண்டரை பஸ் சந்தியில் ஹோர்ன் அடித்தது. அடுத்த பஸ்ஸில் போனால் அலுவலகம் மூடியிருக்கும். பிரின்ஸி திரும்பிப் பார்த்தாள். அவர் எழுந்திருக்கவில்லை.

"அடுத்தது பாரு புள்ள."

உருட்டினாள். துரையின் கையெழுத்து! இருவரும் முன்னால் குனிந்தார்கள். மேல் லயம், ஐந்தாம் வீடு, வேலம்மா. பக்கத்து வீடு. நேற்றென்றால் அரை உருட்டலில் நாலாம் வீடு வந்திருக்கும். பிரின்ஸியின் விரல் பழக்கத்தில் அரை உருட்டல் உருட்டியது. யாரோ ஒருவரின் கல்யாண அழைப்பிதழ் கிட்டே வந்தது.