நடுத் தாழ்ப்பாள்

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர் அவசரம். கடைசி மணியின் ஓசை அடங்குவதற்குள், காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் போல கேட்டைத் தாண்டியிருப்பாள். விளையாட்டுப் போட்டியா, நாடக ஒத்திகையா, யாருக்காவது பிறந்தநாளா, எதற்கும் நின்றது கிடையாது. வீட்டில் என்ன புதையலா காக்கிறாய் என்று தோழிகள் கிண்டலடித்தால் சிரித்து மழுப்பிவிடுவாள். என்னவென்று சொல்வாள், பாவம்? அவளுடைய அப்பாவை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டியிருந்தார்கள்.

பூட்டியது வேறு யாரும் இல்லை, அம்மாதான். அந்த அம்மாவைக் குறை சொல்வதற்கு முன் முழுக்கதையையும் கேட்க வேண்டும். அப்பா டெலிவரி வேன் ஓட்டியவர். வேலை முடிந்து வரும்போது தெருமுனையிலேயே ஹாரன் அடிப்பார். சின்னப்பிள்ளையாக இருந்த இவள் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டு நிற்பாள். பக்கவாதம் வந்து வலது பக்கம் மொத்தமாக விழுந்த பிறகு வேனும் போயிற்று, ஹாரனும் போயிற்று. பேச்சு குழறலாகிவிட்டது. அம்மா ரொட்டிக் கம்பெனியில் பேக்கிங் வேலையில் சேர்ந்தாள். முதலில் கதவைச் சும்மா சாத்திவிட்டுத்தான் போய்வந்தார்கள். ஒருநாள் எவனோ ஒரு படுபாவி உள்ளே நுழைந்து, கட்டிலில் கிடந்தவரின் கண்ணெதிரிலேயே மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு நிதானமாக நடந்து போனான். அவரால் கத்தக்கூட முடியவில்லை. எழுந்து தாழ்ப்பாள் போட முடியாத மனுஷனை வைத்துக்கொண்டு அவள்தான் என்ன செய்வாள்? மறுநாளிலிருந்து வெளியே பூட்டு.

அந்தப் பூட்டு விழும் சத்தம் கேட்டால் அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். ஒருநாள் ஜன்னல் வழியாக மகள் அதைப் பார்த்துவிட்டாள். அதற்கப்புறம்தான் அவள் அவசரம் ஆனாள்.

வந்ததும் பூட்டைத் திறப்பாள், ஜன்னலைத் திறப்பாள், துணி மாற்றுவாள், முதுகு துடைப்பாள், சாப்பாட்டைக் குழையப் பிசைந்து ஊட்டுவாள். அவளை 'ஹெட் நர்ஸ்' என்று கூப்பிடுவார் அப்பா. அந்த இரண்டு வார்த்தையும் வெளியே வருவதற்குள் அவருக்கு வேர்த்துவிடும். தினமும் நாலடியாவது நடக்க வையுங்கள் என்று டாக்டர் தலைதலையாய் அடித்துக்கொண்டார். அதற்கு மட்டும் அப்பா பிடிகொடுக்கவே இல்லை. இவளும் கெஞ்சிப் பார்த்தாள், கோபித்துப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி நடிப்பார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் பள்ளிக்கூடத்தில் சமூக சேவை வந்து குறுக்கே நின்றது. பதினொன்றாம் வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொருவரும் முதியோர் இல்லத்திலோ ஆஸ்பத்திரியிலோ போய்த் தொண்டு செய்திருக்க வேண்டும், இல்லையென்றால் சான்றிதழ் கிடையாது. பொறுப்பு வேதியியல் டீச்சருக்கு. அவசரம் அவரிடம் போய், அதுவரை யாரிடமும் சொல்லாததைத் தலையைக் குனிந்தபடியே சொல்லி முடித்தாள். வீட்டில் செய்வதையே சேவையாக எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள்.

"சொந்த அப்பாவுக்குச் செய்யறது கடமைம்மா," என்றார் டீச்சர். "சேவைன்னா அடுத்தவங்களுக்குச் செய்யணும். ரூல் அப்படித்தான் இருக்கு."

டீச்சர் கெட்டவர் இல்லை. சொல்லும்போது அவருக்கே குரல் இறங்கியது. ஆனால் அந்த ரூலை எழுதிய புண்ணியவானின் வீட்டில் யாரும் படுத்த படுக்கையாகக் கிடந்ததில்லை என்று மட்டும் தெரிகிறது.

இன்னும் தொடங்காதவர்கள் யார் என்று வகுப்பில் எழுந்து நிற்கச் சொன்னபோது இரண்டு பேர்தான் நின்றார்கள். ஒன்று அவசரம். இன்னொருத்தி லேட்டு. அதுவும் பள்ளிக்கூடம் வைத்த பெயர்தான். காலையில் முதல் பீரியடுக்கு அவள் நேரத்தோடு வந்ததாகச் சரித்திரமே இல்லை. எல்லா ஆசிரியர்களிடமும் திட்டு வாங்கிச் சலித்தவள். ஒருத்தி ஓடுகிறாள், ஒருத்தி ஊர்ந்து வருகிறாள், நல்ல ஜோடி என்று வகுப்பே சிரித்தது. அன்றைக்குச் சாப்பாட்டு வேளையில் இருவரும் பேசினார்கள். லேட்டுவின் அம்மா சலவைக் கடையில் விடிவதற்கு முன்பே வேலைக்குப் போகிறவள். நடக்கவும் பேசவும் வராத தம்பியைக் குளிப்பாட்டி, ஊட்டி, சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒப்படைத்த பிறகுதான் லேட்டு கிளம்ப முடியும். தம்பிக்கு அவள் வைத்திருந்த பெயர் எஜமான். ஒரு சத்தம் போட்டால் வீடே ஓடிவர வேண்டுமாம்.

சொல்லிவிட்டு லேட்டு கொஞ்ச நேரம் விரலில் ஒட்டிய சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

"உங்க அப்பா எனக்கு அடுத்தவங்கதானே? எங்க தம்பி உனக்கு அடுத்தவன்தானே?"

டீச்சரிடம் போய்ச் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ரூலோடு எங்கேயும் இடிக்கவில்லை. சரி, சனிக்கிழமைகளில் செய்யுங்கள் என்றவர், அவர்கள் திரும்பியதும் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

முதல் சனிக்கிழமை அப்பா லேட்டுவின் முகத்தைப் பார்க்கவே மறுத்துவிட்டார். கிழிந்த பனியனோடு ஒரு வயசுப்பெண் முன்னால் கிடப்பதா? அடுத்த வாரம் சட்டை கேட்டார். அதற்கடுத்த வாரம் தலை வாரிவிடச் சொன்னார். லேட்டுவோ ஓயாத வாய்க்காரி. அவர் குழறுவது புரியாவிட்டால் புரிந்த மாதிரி தலையாட்ட மாட்டாள். இன்னொரு தடவை சொல்லுங்க அங்கிள் என்று மல்லுக்கு நிற்பாள். அவரும் விடாமல் சொல்லுவார்.

எஜமானின் வீட்டில் இவளுக்கும் நன்றாகத்தான் போயிற்று. சீப்பைக் கண்டாலே அலறுகிறவன் இவளிடம் சமர்த்தாகத் தலையைக் காட்டினான். ஆனால் ஒரு சனிக்கிழமை வீடு திரும்பியபோது, அப்பா தன் இடது கையால் ஸ்பூனைப் பிடித்துத் தானே சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றாள். சட்டையெல்லாம் சிந்தியிருந்தது. இருந்தாலும் தானே சாப்பிட்டார். சந்தோஷப்பட வேண்டியவளுக்கு வயிறு எரிந்தது. நான் ஊட்டினால் வாயைத் திறப்பார், அவள் சொன்னால் கையை நீட்டுவாரா? அன்று இரவு அம்மாவிடம்கூட அவள் பேசவில்லை. தான் செய்ததெல்லாம் அப்பாவைக் கட்டிலோடு கட்டிப்போட்டதுதானோ என்று முதல்முறையாக நினைத்தாள். நினைத்ததும் அப்பா மேல் கோபம் வந்தது. கோபம் வந்ததற்காக அழுதாள்.

அதோடு அப்பாவுக்கும் லேட்டுவுக்கும் நடுவில் ஏதோ ரகசியம் வேறு. இவள் உள்ளே நுழைந்தால் பேச்சு சட்டென்று நிற்கும். அப்பாவின் பாதி முகம் சிரிக்கும்.

பரீட்சைக்குச் சற்று முன்னால் ஒரு சனிக்கிழமை, எஜமானுக்கு ஊட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. உடனே வா என்றாள் லேட்டு, வேறு ஒன்றும் சொல்லவில்லை. எஜமானைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு ஓடினாள். அவசரம் வாழ்க்கையில் ஓடிய ஓட்டமெல்லாம் அன்றைய ஓட்டத்துக்கு முன்னால் ஒன்றுமில்லை. போய்ச் சேர்ந்தபோது கதவு திறந்து கிடந்தது. அக்கம்பக்கத்தவர்கள் நின்றார்கள். அப்பா கட்டிலில் இல்லை. கதவை ஒட்டிப் போட்டிருந்த நாற்காலியில், புதுச் சட்டையோடு, தலை ஒரு பக்கம் சாய்ந்து இருந்தார். உயிர் போய்விட்டிருந்தது.

இரண்டாவது தாக்குதல், படுத்திருந்தாலும் வந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். அது அவள் காதில் ஏறவில்லை. அவள் பார்த்ததெல்லாம் நாற்காலியைத்தான்.

"கட்டில்ல இருந்து ஏன்டி இறக்கின?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். "உன்னை நம்பித்தானே விட்டுட்டுப் போனேன்?"

லேட்டு வாயே திறக்கவில்லை. ஓயாத வாய்க்காரி, கையைப் பிசைந்துகொண்டு அழுதபடி நின்றாள். அந்த மௌனத்தை அவசரம் குற்றமாகவே எடுத்துக்கொண்டாள்.

எல்லாம் முடிந்து பள்ளிக்கூடம் போனாள். மிச்ச சேவையைச் செய்ய வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று டீச்சர் தோளைத் தொட்டுச் சொன்னார். லேட்டு இருந்த பக்கம் இவள் திரும்பவே இல்லை. யாரோ பெற்ற பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருந்தபோது பெற்ற அப்பாவைப் பறிகொடுத்தேன் என்ற நினைப்பு அவளைத் தின்றது. கடைசி மணி அடித்தாலும் இப்போது எழுந்திருக்க மனம் வருவதில்லை. ஓடிப்போய் யாருக்குத் திறப்பது?

அடுத்து வந்த ஒரு சனிக்கிழமை காலையிலேயே கதவு தட்டும் சத்தம். அம்மா வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தாள். திறந்தால் லேட்டு. வாழ்க்கையில் முதல்முறையாக நேரத்தோடு வந்திருந்தாள். உள்ளே வா என்று இவள் சொல்லவில்லை. சொல்லாமலே வந்து, அந்த நாற்காலி பக்கம் போகாமல் சுவரோரம் நின்றாள்.

"அங்கிள் சத்தியம் வாங்கிட்டாரு, உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு. இனிமே சொன்னா தப்பில்லன்னு நினைக்கறேன்."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். அந்தக் கதவில் தாழ்ப்பாள் இரண்டு. மேலே உள்ளதைத்தான் வீட்டில் போடுவார்கள். நடுத் தாழ்ப்பாள் எப்போதோ அடித்த பெயிண்டில் இறுகிப்போனது, யாரும் தொடுவதில்லை. அப்பா அதைத்தான் விரலால் சுட்டிக் காட்டினாராம். நாற்காலியில் உட்கார்ந்தால் இடது கைக்கு எட்டுவது அது ஒன்றுதான். லேட்டு சமையலறைக் கத்தியால் பெயிண்டைச் சுரண்டினாள். வாராவாரம் எண்ணெய் விட்டாள். அவர் விரல் சிவக்கச் சிவக்க இழுத்துப் பழகினார். தாழ்ப்பாள் அசைந்த பிறகு நடக்கப் பழகினார். கட்டிலிலிருந்து மேசை வரைக்கும், மேசையிலிருந்து கதவு வரைக்கும். தானே உள்ளே தாழ்ப்பாள் போடவும் திறக்கவும் முடிந்துவிட்டால் அம்மா வெளியே பூட்ட வேண்டியதில்லை, மகள் தெருவில் விழுந்தடித்து ஓடிவர வேண்டியதில்லை. அதுதான் அவர் கணக்கு.

"அன்னைக்கு நான் பிடிக்காமலே நடந்தாரு. அவரே தாழ்ப்பாளைப் போட்டாரு. ஹெட் நர்ஸ் வந்து தட்டட்டும், நான் திறக்கறேன்னாரு. நீ வர ரொம்ப நேரம் இருந்துச்சு. போய்ப் படுங்கன்னு சொன்னேன், கேக்கல. நான் அதட்டியிருக்கணும்." லேட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கடைசில கை தாழ்ப்பாள் மேலயே இருந்துச்சு. நான்தான் எடுத்தேன்."

அவசரம் நாற்காலியின் முதுகில் கை வைத்தாள். பிறகு, படுத்திருந்தாலும் வந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதைத் தன் வாயாலேயே லேட்டுவுக்குச் சொன்னாள். சொல்லும்போதுதான் அது அவளுக்கே காதில் விழுந்தது.

கதவைச் சாத்தினாள். அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையின் ஒரு விரலால் நடுத் தாழ்ப்பாளைத் தள்ளினாள். சத்தமே இல்லாமல் நகர்ந்தது. திறந்தாள், போட்டாள், மறுபடி திறந்தாள். அத்தனை எண்ணெய் விட்டிருந்தார்கள் இரண்டு பேரும். விரலில் ஒட்டிய பிசுக்கைப் பார்த்ததும் அவளுக்கு அடக்க முடியவில்லை. லேட்டு பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

அழுது முடித்து முகம் கழுவிவிட்டு, எஜமான் யாரிடம் இருக்கிறான் என்று கேட்டாள். பக்கத்து வீட்டு அக்காவிடம் என்றாள் லேட்டு, சீப்பை எடுத்திருந்தால் இந்நேரம் அலறிக்கொண்டிருப்பான் என்றும் சொன்னாள்.

"வா, போலாம்," என்றாள் அவசரம்.

வெளியே வந்து அந்தப் பழைய பூட்டைப் போட்டாள். கிளிக்கென்று விழுந்தது. பழக்கத்தில் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். கட்டில் காலியாக இருந்தது. இருவரும் தெருவில் இறங்கி நடந்தார்கள். அன்றைக்கு அவள் ஓடவில்லை.