மணியக்காவின் லாங் பெல்

மணியக்காவுக்குப் பணிப்பதிவேட்டில் வேறொரு பெயர் இருக்கிறது. அதைப் பார்த்திருப்பவர்கள் சம்பளப் பட்டியல் போடுகிறவரும் நானும்தான். மற்றபடி தலைமையாசிரியைக்கும் அவர் மணியக்கா, முதல் வகுப்புப் பொடிசுகளுக்கும் மணியக்கா, அந்தப் பொடிசுகளின் அப்பாக்களுக்கும் மணியக்கா. உத்தியோகப் பெயர் அலுவலக உதவியாளர். வகுப்பறை கூட்டுவது, தண்ணீர்த் தொட்டி நிரப்புவது, சாக்பீஸை மூக்குக்குள் செருகிக்கொண்ட பிள்ளையைத் தும்ம வைப்பது எல்லாம் அதில் அடக்கம். ஆனால் என்ன வேலை என்று அவரைக் கேட்டால், "மணி அடிக்கிறேன்" என்றுதான் சொல்வார். அந்த அரசுப் பள்ளியில் முப்பத்தொரு வருஷமாக அடிக்கிறார்.

மணி என்றால் பளபளவென்று பித்தளையில் இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். வராந்தா விட்டத்தில் கம்பி போட்டுத் தொங்கவிட்ட ஒரு முழத் தண்டவாளத் துண்டு. அடிப்பதற்கு ஓர் இரும்புக் கம்பி, பிடிக்கிற இடத்தில் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கும். ஓர் அடி என்றால் பாடவேளை முடிந்தது. இரண்டு அடி இடைவேளை. மூன்று அடி சாப்பாடு. நிறுத்தாமல் கடகடவென்று அடித்தால் லாங் பெல், பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அலுவலக அறைக் கடிகாரம் ஏழு நிமிஷம் பின்தங்கி ஓடுகிறது. புதுக் கடிகாரம் கேட்டு அவர்கள் எழுதிய விண்ணப்பம் ஆறு வருஷமாக என் மேஜையில் பரிசீலனையில் இருக்கிறது. அதனால் மணியக்கா கடிகாரத்தைப் பார்ப்பார், உதட்டுக்குள் ஏழைக் கூட்டிக்கொள்வார், அடிப்பார்.

நான் கல்வி அலுவலகத்தில் எழுத்தர். அரசுப் பள்ளிகளின் எதிர்காலம் என்ன, அவற்றுக்கு இனியும் நிதி ஒதுக்கத்தான் வேண்டுமா என்று மக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள் அல்லவா, அந்தக் கூட்டங்களில் மேடை ஓரமாகக் குனிந்து எழுதிக்கொண்டிருப்பவன். ஒன்பது கூட்டம் எழுதிவிட்டேன். ஒன்பது பள்ளிகளும் ஒருமனதாக இன்னொரு பள்ளியோடு இணைக்கப்பட்டன. இணைப்பது என்றால் மூடுவது. எங்கள் அலுவலகத்தில் மூடுவது என்ற சொல்லைப் பேனாவுக்கு மட்டும்தான் பயன்படுத்துவோம். தீர்மானத்தை முந்தின நாளே நான் தட்டச்சு செய்து பையில் வைத்துக்கொள்வேன். மக்கள் வருவதற்கு முன்பே மக்களின் கருத்தைத் தெரிந்துவைத்திருக்கிற அலுவலகம் எங்களுடையது.

பத்தாவதாக மணியக்காவின் பள்ளி. காலையில் நான் போனபோது அவர் வகுப்பறை நாற்காலிகளை இரண்டிரண்டாகத் தூக்கிக் கூடத்துக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். பெரியவர்கள் உட்கார்ந்து கல்வியைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்பதால் பிள்ளைகள் அன்று தரையில் உட்கார்ந்தார்கள்.

"சார், இன்னிக்கே முடிவு பண்ணிடுவாங்களா?" என்று கேட்டார்.

"கருத்து கேப்பாங்கக்கா."

"கேட்டுட்டு?"

நான் பையின் ஜிப்பைச் சரி பார்த்துக்கொண்டேன்.

"இதைக் கொண்டுபோய் இணைக்கிற அந்த ஸ்கூலுக்குப் போகணும்னா பெரிய ரோட்டைத் தாண்டணும். லாரி போற வேகம் உங்களுக்கே தெரியும். ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்க எப்படி சார் தாண்டும்? வசதி இருக்கிறவங்க வேன்ல அனுப்பிடுவாங்க. மத்ததெல்லாம் வீட்டோட நின்னுடும்."

ஒன்பது ஊரிலும் அப்படித்தான் நின்றன. எத்தனை பேர் நின்றார்கள் என்று நிரப்ப எங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது. எனக்கு அது தெரியும். தெரிந்துதான் ஒன்பது முறையும் எழுதினேன்.

வேன் என்று சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. ஊரிலுள்ள தனியார் பள்ளியின் வேனை ஓட்டுவது அவருடைய ஒரே மகன். அவனும் இந்தத் தண்டவாளத்தின் சத்தத்தில் வளர்ந்தவன்தான். அவன் மகள் இங்கே மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். டிரைவர் பிள்ளைக்குப் பாதிக் கட்டணம் என்று தாளாளர் சொல்லியிருந்தார். வீட்டில் ஒரு வாரமாக அதே பேச்சு.

"உன் ஸ்கூலு இன்னும் ஒரு வருஷம்கூடத் தாங்காதும்மா. இப்பவே சேத்துட்டா சீட்டாவது கிடைக்கும்."

"என் ஸ்கூலுல படிச்சுதான்டா உனக்கு வேன்ல இருக்கிற போர்டைப் படிக்கத் தெரியுது."

இதற்குமேல் இருவரும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. தனியார் பள்ளியின் சேர்க்கைப் படிவத்தை நிரப்பிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவன் அலைந்தான். கூட்டத்தின் முடிவைப் பார்த்துவிட்டுக் கொடுப்பதாக இருந்தான்.

கூட்டத்துக்கு வருவோம். பொதுமக்கள் வேனில் வந்தார்கள். அதாவது தாளாளர் தம் வேனை அனுப்பிப் பொதுமக்களை ஏற்றி வந்திருந்தார். மணியக்காவின் மகனே மூன்று நடை ஓட்டி அவர்களைக் கொண்டுவந்து இறக்கினான். 'பள்ளிகளின் எதிர்காலம்' என்ற பேனரைக் கரும்பலகையை மறைத்துக் கட்டியிருந்தோம். ஆறு வருஷமாகப் பூட்டிக் கிடந்த கழிப்பறையை விருந்தினர்களுக்காக முந்தின நாள் பழுது பார்த்துச் சாவியைத் தலைவர் மேஜைமேல் வைத்திருந்தார்கள்.

தலைவர் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. பேசுகிற ஆசை அவரோடு சேர்ந்து ஓய்வுபெறவில்லை. பேச்சாளர்களை நிறுத்த அவர் கொண்டுவந்த அழைப்பு மணியில் பேட்டரி தீர்ந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே தொங்கிய தண்டவாளம் கண்ணில் பட்டது.

"அதையே அடிங்கம்மா. நாலு நிமிஷம் ஆனா ஒண்ணு. அஞ்சு ஆனா ரெண்டு."

"ஐயா, ரெண்டு அடிச்சா பிள்ளைங்க இன்டர்வெல்னு வெளிய வந்துடுவாங்க."

"அதெல்லாம் டீச்சர்ங்க பாத்துப்பாங்க. அப்புறம், தீர்மானம் முடியுற வரைக்கும் லாங் பெல் வேண்டாம். பிள்ளைங்க சத்தம் போட்டுக்கிட்டு ஓடுவாங்க."

மணியக்கா தலையாட்டினார். தலைவர் விதிகளைப் படித்தார். மூன்றாம் விதி: மணி அடித்த பின் பேசப்படும் எதுவும் பதிவேட்டில் இடம்பெறாது. அதை எழுதியதும் நான்தான். பேச்சாளர்களின் வாயைக் கட்டவும் என் விரல்களைக் காப்பாற்றவும்.

முதலில் பேசியவர் பொருளாதார நிபுணர். படிப்பு முழுவதும் வெளிநாட்டில். பிள்ளைகள் குறைவு, ஆகவே நிதியைக் குறைக்க வேண்டும் என்றார். நிதி குறைந்தால் பிள்ளைகள் இன்னும் குறைவார்கள், அப்போது இன்னும் குறைக்கலாம் என்றார். இதை ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். வட்டம் மிக நேர்த்தியாக இருந்தது. தண்டவாளத்தில் இரண்டு அடி விழுந்தது. வகுப்புகளிலிருந்து பிள்ளைகள் ஹோவென்று வெளியே பாய்ந்தார்கள். ஆசிரியர்கள் ஓடிப்போய் ஒவ்வொன்றாகப் பிடித்து உள்ளே தள்ளினார்கள்.

இரண்டாவது ஸ்மார்ட் வகுப்பறை நிபுணர். இனி ஆசிரியரே தேவையில்லை, திரை போதும் என்று காட்டத் திரை கொண்டுவந்திருந்தார். கூடத்தில் வேலை செய்கிற பிளக் பாயிண்ட் ஒன்றுதான். அதில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. விசிறியைப் பிடுங்கித் திரையைச் செருகினார்கள். இரண்டு நிமிஷத்தில் தலைவரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. திரையைப் பிடுங்கி மறுபடி விசிறியைச் செருகச் சொன்னார். எதிர்காலத்தை வாயாலேயே விவரிக்க வேண்டியதாயிற்று. அதற்கு ஐந்து நிமிஷம் போதவில்லை. மறுபடி இரண்டு அடி, மறுபடி இடைவேளை. சாயங்காலத்துக்குள் பிள்ளைகளுக்குப் பதினொரு இடைவேளை கிடைத்தது. இந்தக் கூட்டத்தை முழு மனதோடு ஆதரித்தவர்கள் அவர்கள் மட்டும்தான்.

தாளாளர் கணீரென்று பேசினார். "இந்தப் பள்ளிக்கூடம் இத்தனை வருஷத்துல யாரை உருவாக்கிச்சு? ஒருத்தரைக் காட்டுங்க பாப்போம்" என்றார். வேனில் வந்தவர்கள் கைதட்டினார்கள். ஜன்னலுக்கு வெளியே மணியக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஐந்தாம் வகுப்புவரை அந்த ஆளின் பல்பத்தைத் தேடிக் கொடுத்தவர் அவர்தான். பிறகு என்னிடம் சொன்னார்.

பெற்றோர் தரப்பில் துணி தேய்க்கிற ஓர் அம்மா பேசினார். அவருக்கும் ஐந்து நிமிஷம் கொடுத்தோம். அரை நிமிஷத்தில் முடித்துவிட்டார்.

"கக்கூஸ் இன்னிக்குத்தான் திறந்திருக்கு. நாளைக்கும் திறந்திருக்குமா?"

நான் 'கழிப்பறை குறித்துப் பயனுள்ள கருத்து பெறப்பட்டது' என்று எழுதிக்கொண்டேன். எழுதும்போது எனக்கே வெட்கமாக இருந்தது.

நான்கு மணிக்கு மேல் தலைவர் எழுந்து தொண்டையைக் கனைத்துக்கொண்டு நான் கொடுத்த தாளைப் பிரித்தார். படித்து முடித்ததும் கை தூக்கச் சொல்வார். வேன் ஆட்கள் தூக்குவார்கள். நான் 'ஒருமனதாக' என்பதற்குக் கீழே கோடு போடுவேன். ஒன்பது முறையும் நடந்தது அதுதான்.

"மாணவர் நலன் கருதியும், நிதிச் சுமை கருதியும், இப்பள்ளியை அருகிலுள்ள..."

அருகிலுள்ள என்பது நான் போட்ட சொல். அந்தச் சொல்லுக்கு நடுவில்தான் பெரிய ரோடு ஓடுகிறது. நான் ஜன்னலைப் பார்த்தேன். மணியக்கா கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி அலுவலக அறைக் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது. ஏழைக் கூட்டுகிறார் என்று புரிந்தது. வேண்டாமென்று தலைவர் அவருக்குச் சொல்லியிருந்ததும் எனக்கு நினைவு வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

லாங் பெல் அடித்தது.

அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தெரியும். எந்த ஊரானாலும் அந்தச் சத்தம் காதில் விழுவதில்லை, காலில் விழுகிறது. தலைவர் வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் தாள்களை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து இரண்டு எட்டு வைத்துவிட்டார். ஸ்மார்ட் வகுப்பறை நிபுணர் குனிந்து பெஞ்சுக்கு அடியில் எதையோ தேடினார். தாளாளர் எழுந்து நின்று இடது தோளைச் சாய்த்து, அங்கே இல்லாத ஒரு பையின் வாரை மாட்டிக்கொண்டார். அவர் கேட்ட கேள்விக்கு அப்போதுதான் பதில் கிடைத்தது. பொருளாதார நிபுணர் மட்டும் உட்கார்ந்தபடி, "தீப்பிடிச்சிடுச்சா?" என்று கேட்டார். பிறகு எல்லாரையும் முந்திக்கொண்டு ஓடினார். நானும் எழுந்துதான் நின்றிருந்தேன். பேனாவை எப்போது மூடினேன் என்று தெரியவில்லை.

பிள்ளைகள் வராந்தா வழியாக வெள்ளமாகப் போனார்கள். வேனில் வந்த பொதுமக்கள் கூட்டம் முடிந்தது என்று வேனில் போய் ஏறிக்கொண்டார்கள்.

தலைவர்தான் முதலில் சுதாரித்தார். "உக்காருங்க, உக்காருங்க. தீர்மானத்தை முடிச்சிடலாம்."

ஒன்பது கூட்டங்களில் வாய் திறக்காத நான் சொன்னேன்: "ஐயா, விதி மூணு."

"என்னய்யா விதி மூணு?"

"மணி அடிச்ச பிறகு பேசுறது பதிவாகாதுங்க."

"அது பேச்சாளருக்கு."

"யாருக்குன்னு போடலைங்க ஐயா. நான்தானே டைப் பண்ணேன்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கை தூக்க ஆள் இருக்கிறதா என்று கூடத்தைப் பார்த்தார். காலி நாற்காலிகளை மணியக்கா இரண்டிரண்டாக வகுப்புக்குத் திருப்பிக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். இந்த வருஷக் கூட்டங்களுக்கான கெடு அந்த வாரத்தோடு முடிகிறது. அடுத்தது அடுத்த வருஷம்.

வெளியே வேனில் இருந்தவர்கள் டிரைவரைக் கூப்பிட்டுக் கத்தினார்கள். அவன் வராந்தாவில், இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்த தண்டவாளத்தின் பக்கத்தில், மகளின் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

மறுநாளே மணியக்காவுக்கு மெமோ போனது. உத்தரவை மீறி லாங் பெல் அடித்தது ஏன், மூன்று நாளுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும். அதைத் தட்டச்சு செய்ததும் நான்தான். ஒரு பக்கமாவது எழுதி வருத்தம் தெரிவியுங்கள் என்று தலைமையாசிரியை கெஞ்சியிருக்கிறார். பள்ளியில் வெள்ளைத்தாள் தீர்ந்துபோயிருந்தது. அந்த வருஷத்துத் தாளெல்லாம் கருத்துக் கேட்பு அழைப்பிதழாகப் போய்விட்டது.

மூன்றாம் நாள் விளக்கம் வந்தது. வழவழப்பான கெட்டித் தாளில் ஒரே வரி.

"ஐயா, மணி ஆனதால் மணி அடித்தேன்."

எங்கள் அதிகாரி அதை நான்கு முறை படித்தார். அந்தப் பள்ளிக் கடிகாரம் சரியாக ஓடுகிறதா, ஒருவேளை முன்கூட்டியே அடித்துவிட்டாரா, விசாரி என்றார். நான் என் மேஜையிலிருந்து ஆறு வருஷத்து விண்ணப்பத்தை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன். கடிகாரம் ஏழு நிமிஷம் பின்தங்குவதாக அதில் இருந்தது. பெற்றுக்கொண்டதற்கு எங்கள் முத்திரையும் இருந்தது. அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கோப்பிலே வை என்றார்.

கோப்பில் வைக்கும்போதுதான் மணியக்காவின் விளக்கத் தாளைத் திருப்பிப் பார்த்தேன். அது தனியார் பள்ளியின் சேர்க்கைப் படிவம். மாணவியின் பெயர், வயது, முன்பு படித்த பள்ளி, தந்தையின் தொழில் எல்லாவற்றையும் டிரைவர் அழகான கையெழுத்தில் நிரப்பியிருந்தான். பெற்றோர் ஒப்பம் என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது. இரண்டு பக்கத்தையும் நகலெடுத்துக் கோப்பில் சேர்த்தேன்.