கணினிப் பெட்டிக்குள் ஓர் ஆம்ப்ளிஃபையர்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்தபோது அவர் கட்டிக்கொண்டிருந்த ஆம்ப்ளிஃபையர் பாதியில் நின்றுபோயிருந்தது.

மலேசியாவின் தென்கோடியில், கெலாங் பாத்தாவில் எங்கள் வரிசை வீட்டின் பின்கட்டில், துணி காயப்போடும் கம்பிக்கு அடியில் அவருடைய மேசை. அதன்மேல் ஒரு பழைய கணினிப் பெட்டி மல்லாந்து கிடந்தது. மகள் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போகும்போது விட்டுச்சென்ற கணினி அது. உள்ளே இருந்ததையெல்லாம் உருவிவிட்டு வெறும் தகரக் கூடாக வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் அவரே சால்டர் செய்த இரண்டு சர்க்யூட் பலகைகளும், நடுவில் ஓட்டையோடு உளுந்து வடை போன்ற ஒரு கனமான டிரான்ஸ்ஃபார்மரும், சூட்டை இழுத்துக்கொள்ளும் அலுமினியக் கட்டையும் இருந்தன. இத்தனையையும் பெட்டிக்குள் பொருத்துவதுதான் பாக்கி.

அவர் சாஆ என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். துறைமுகக் கிடங்கில் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். கடையில் விற்கிற பாட்டு செட்டில் தவில் சத்தம் தகரத்தைத் தட்டுவதுபோல் கேட்கிறது என்று சொல்லி, தானே கட்ட ஆரம்பித்தார். கல்யாணமான புதிதில் ஒருநாள் அந்த மேசையைத் துடைக்கப் போனேன். "அத தொடாத. கரண்டு சாமான்லா" என்றார். அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போனதில்லை.

நான் விடியுமுன் பஸ் ஏறி, எல்லையின் இரண்டாவது பாலத்தைக் கடந்து, சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பதினான்கு வருடம். அங்கே என்ன வேலை என்று அவர் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்தால் சமையல், துணி, தூக்கம். பேச எங்கே நேரம்?

மருத்துவமனையிலிருந்து வந்தபோது அவருடைய வலது கை தோளிலிருந்து தொங்கியது. காலை இழுத்து இழுத்து நடந்தார். பேச்சு ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும். கைப்பயிற்சிக்கு ஜோகூர் பாருவுக்கு இரண்டு தடவை அழைத்துப் போனேன். மூன்றாவது தடவை வரமாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். நான் நீண்ட விடுப்பு எடுத்து வீட்டில் இருந்தேன். பகல் முழுவதும் அவர் அந்த மேசைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். எதையும் தொடமாட்டார்.

ஒருநாள் காலை அடுப்படியில் நின்றிருந்தபோது தோல் கருகும் நாற்றம் வந்தது. ஓடினேன். வலது கையைப் பலகையின்மேல் பாரமாக வைத்துக்கொண்டு, இடது கையால் சூடேறிய சால்டர் கம்பியைப் பிடித்து ஒரு வயரை ஒட்டிக்கொண்டிருந்தார். கம்பி வழுக்கி வலது மணிக்கட்டின்மேல் படுத்திருந்தது. அவருக்குத் தெரியவில்லை. அந்தக் கையில் உணர்ச்சியே இல்லை. என் முகத்தைப் பார்த்த பிறகுதான் குனிந்து பார்த்தார்.

கம்பியைப் பிடுங்கினேன். குழாய்த் தண்ணீரில் அவர் கையை நெடுநேரம் காட்டி, மருந்து போட்டுக் கட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"நான் முடிக்கிறேங்க" என்றேன்.

"உனக்கு... தெரியாது."

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. "பதினாலு வருஷமா நான் அங்க என்ன செய்றேன்னு நெனச்சீங்க? தரையக் கூட்டுறேன்னா?"

நான் உட்கார்ந்து, அவர் ஒட்டிய இடத்தைச் சூடாக்கிப் பழைய ஈயத்தை எடுத்துவிட்டு, புதிதாக வைத்தேன். ஈயம் வயரைச் சுற்றிப் பளபளவென்று படிந்தது. அவர் நாற்காலியை ஒரு முழம் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு தினமும் மத்தியானம் சாப்பிட்டதும் உட்காருவோம். எது எங்கே என்பது முழுவதும் அவர் மனதில் இருந்தது. இடது கை விரலால் காட்டுவார். முன்னால் சிடி போடும் துவாரம் இருந்த இடத்தில் சத்தம் கூட்டும் திருகு. பின்னால் பழைய பவர் சப்ளை இருந்த சதுரத்தில் கரண்டு வரும் வழி. அலுமினியக் கட்டைக்கு மேலே காற்றுப் போக மூடியில் வரிசையாக ஓட்டைகள். நான் துளைபோடும்போது ஓர் இடம் விரலகலம் தள்ளிப் போய்விட்டது. "தப்பு" என்றார். அந்த ஒரு சொல் மட்டும் திக்காமல் வந்தது. அவர் உதட்டோரம் லேசாகக் கோணியதைப் பார்த்தேன். அது சிரிப்புதானா என்று அந்த முகத்தில் அப்போது கண்டுபிடிக்க முடியாது.

முதல் தடவை கரண்டு கொடுக்கும்போது வழியில் ஒரு குண்டு பல்பைச் சேர்க்கச் சொன்னார். உள்ளே எங்காவது வயர் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். எல்லாம் சரியென்றால் ஒருமுறை மின்னி மங்கிவிடும். சுவிட்சைப் போட்டேன். பல்பு மின்னியது. மங்கியது.

ஆனால் ஸ்பீக்கரை மாட்டியதும் 'உம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். வயர்களை மாற்றிக் கட்டினேன். நிற்கவில்லை. இரண்டு நாள் அதோடு போராடினேன். "இவ்ளோதான், போதும்" என்று எழுந்துவிட்டேன்.

"இரு" என்றார். டிரான்ஸ்ஃபார்மரைக் காட்டி, "அத... திருப்பணும்" என்றார்.

அதன் காந்தம் பலகையைப் பார்த்து நின்றால் இரைச்சல் வரும். கரண்டு முனைகளையெல்லாம் டேப் சுற்றி மூடினேன். டிரான்ஸ்ஃபார்மரின் நடு போல்ட்டைத் தளர்த்தி, சுவிட்சைப் போட்டுவிட்டு நகர்ந்தேன். அவர் இடது கையை அதன்மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, மெல்ல மெல்லத் திருப்பினார். இரைச்சல் கூடியது. குறைந்தது. மறுபடி கூடியது. அவர் கை நின்று, ஒரு மயிரிழை பின்னால் வந்தது. சத்தம் அடங்கியது. ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்தேன். ஒன்றுமே கேட்கவில்லை. அந்தக் கை அசையாமல் இருக்கும்போதே போல்ட்டை இறுக்கினேன்.

ஒரு நாதஸ்வரக் கச்சேரியைப் போட்டேன். தவில், தோலின் சத்தமாகவே கேட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டு அழுதார். சத்தமில்லாமல் வெகுநேரம் அழுதார். கைக்காக அழுகிறார் என்று தெரிந்தது.

கச்சேரி முடிந்த பிறகு, "பேக்டரியில... நீ... என்ன செய்வே?" என்று கேட்டார்.

சொன்னேன். மைக்ராஸ்கோப்புக்கு அடியில், அரிசியைவிடச் சின்னச் சின்னச் சாமான்களை எடுத்துப் பலகையில் ஒட்டுவது, மெஷின் தவறாக ஒட்டியதைத் திருத்துவது, ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தால் தூரத்தில் இருப்பது கொஞ்ச நேரத்துக்கு மங்கலாகத் தெரிவது, கண் போய்விடுமோ என்று ஒரு வருடம் யாரிடமும் சொல்லாமல் பயந்துகொண்டிருந்தது. எல்லாம் சொன்னேன். கடைசியில், "சொல்லலையே" என்றார்.

"நீங்க கேக்கலையே" என்றேன்.

அடுத்த வாரம் கைப்பயிற்சிக்கு மருத்துவமனை போக அவராகவே சட்டையை எடுத்து வைத்தார். பட்டன் போடத்தான் என்னைக் கூப்பிட்டார். அவருடைய கை இன்றுவரை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. விரல்கள் கொஞ்சம் மடங்குகின்றன. ஒரு கோப்பையைப் பிடிக்க அது போதாது. நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றும்போது, "இன்னிக்கு... எத்தன... பலக?" என்று கேட்கிறார். சில நாள் களைப்பில் எரிச்சலாக இருக்கும். இருந்தாலும் உட்கார்ந்து சொல்லிவிட்டுத்தான் அடுப்படிக்குப் போகிறேன்.