அணிலை நம்பாத ராமுத்தாய்

எந்தப் பனியனையும் ராமுத்தாய் முதலில் உள்பக்கம் புரட்டித்தான் பார்ப்பாள். வெளியழகில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. தையலை விரலால் தடவிக்கொண்டே வந்து, ஓட்டை தட்டுப்பட்ட இடத்தில் ஸ்டிக்கரை ஒட்டி, "மாட்டிக்கிட்டியா?" என்று பனியனையே கேட்பாள். திருப்பூருக்கு வந்து ஒன்பது வருடமாகப் பனியன் கம்பெனியில் பழுது பார்த்து ஒதுக்கும் செக்கிங் வேலை. அந்தக் கண்ணைக் கம்பெனியிலேயே கழற்றி வைத்துவிட்டு வர அவளுக்குத் தெரியாது. கொசுறாகக் கிடைக்கும் கறிவேப்பிலையைக்கூட இரண்டு முறை மோந்து பார்ப்பாள். "சும்மா குடுக்குறவன் எதுக்குக் குடுக்குறான்?" என்ற கேள்விதான் உசிலம்பட்டிப் பக்கமிருந்து அவள் கொண்டுவந்த சீதனம்.

அப்படிப்பட்டவளிடம் ஓர் அணில் வந்து மாட்டியது.

மகள் வேல்விழி மூன்றாம் வகுப்பு. அப்பா வீரணன் லாரி ஓட்டுகிறவன். கிளம்பினால் வாரம் கழித்துத்தான் முகம் தெரியும். பள்ளி விட்டதும் அந்தப் பிள்ளை லைன் வீட்டுக்கு வந்து, உள்ளே தாழிட்டுக்கொண்டு, அம்மா வரும்வரை தனியாக இருக்கும். அந்த மூன்று மணி நேரமும் ராமுத்தாய் கம்பெனிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேயிருப்பாள்.

வகுப்பு ஆசிரியை பரணி வாரம் ஒரு பொம்மைப் படம் போட்டுக் காட்டி, பெற்றோர் போனுக்கும் அனுப்பிவிடுவார். அதில் வரும் அணில் வரிசையில் நிற்கும், குப்பையைக் கூடையில் போடும், கை தூக்கிச் சாலையைக் கடக்கும். போனுக்கு வந்ததும் ராமுத்தாய் ஒன்றுவிடாமல் பார்த்துவிடுவாள். "கையத் தூக்குனா பல்லடம் ரோட்டுல லாரி நின்னுருமாக்கும்?" என்பாள். "அந்த அணிலோட ஆத்தா எந்நேரமும் வீட்லயே நிக்கிறாளே, வேலவெட்டிக்குப் போகலையா?"

போன வாரப் படம் வேறு மாதிரி. 'அம்மா அனுப்பினாங்க' என்று யார் கதவைத் தட்டினாலும், அம்மாவும் பிள்ளையும் பேசிவைத்த ரகசிய வார்த்தையைக் கேட்க வேண்டும். சொல்லாதவருக்குத் திறக்கக் கூடாது. வேல்விழி அன்றைக்கே ஒரு வார்த்தையைப் பிடித்து அம்மா காதில் ஓதிவிட்டாள். மறுநாள் ராமுத்தாய் பள்ளிக்கூடத்தில் நின்றாள்.

"டீச்சர், பிள்ளை வீட்ல தனியா கெடக்குன்னு தெரிஞ்சுக்கத்தான இதெல்லாம்? யாரு எடுக்குறா இந்தப் படத்த?"

"அய்யோ, அப்படியெல்லாம் இல்லீங்க. கொழந்தைக்குத் தைரியம் வரட்டும்னுதானுங்க."

"பொம்மை சொன்னா தைரியம் வந்துருமா? தெரிஞ்ச மூஞ்சி வந்து நாலு வார்த்த பேசுனா தொறந்துரும்."

சொன்னதை மெய்ப்பிக்காமல் அவளுக்குச் சோறு இறங்காது. ஓவர்டைம் இல்லாத ஒரு வியாழக்கிழமை விஜயராணியைக் கையோடு கூட்டிவந்தாள். ஒரே செக்கிங் மேசை, மூன்று வீடு தள்ளிக் குடித்தனம், வேல்விழிக்குத் தினமும் தலை பின்னிவிடும் சித்தி. ராமுத்தாய் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"வேல்விழி, சித்திடி. அம்மா கம்பெனில மயங்கி விழுந்துட்டா. வா, போவோம்."

தாழ்ப்பாள் அசைந்தது. ராமுத்தாய் தொட்டிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அம்மாவுக்கு என்னாச்சுங்க சித்தி?" பிள்ளை அழத் தொடங்கியிருந்தது.

"தொற, சொல்றேன்."

"வார்த்தை சொல்லுங்க."

"எனக்கு என்னடி தெரியும்?"

"அப்ப தொறக்க மாட்டேனுங்க சித்தி." அழுகை பெரிதானது. தாழ்ப்பாள் விலகவில்லை.

பெற்ற வயிறு எவ்வளவு நேரம் தாங்கும்? தன்னையே வைதுகொண்டு ராமுத்தாய் ஓடிவந்து கதவைத் தட்டினாள். "நாந்தான்டி தங்கம். அம்மாவுக்கு ஒண்ணுமில்ல. தொற."

அழுகை நின்றது. "வார்த்தை?"

"பெத்தவகிட்டயுமா?"

"கொரல மாத்திப் பேசுவாங்கன்னு அணில் சொல்லியிருக்கு."

விஜயராணி வாய்விட்டுச் சிரித்தாள். ராமுத்தாய் கதவை ஒட்டிக் குனிந்தவள், சட்டென்று நிமிர்ந்து தோழியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ செத்த அங்கிட்டுப் போ."

"நானா?"

"போ ஆத்தா."

விஜயராணி தண்ணீர்த் தொட்டிவரை போய் நின்றாள். இன்னும் தள்ளிப் போகச் சொல்லி ராமுத்தாய் கையை வீசினாள். தோழி தெருமுனையைத் தொட்ட பிறகுதான் கதவிடுக்கில் வாயை வைத்தாள்.