டீமேக்கர் வீட்டு மீன்தொட்டி

"டொக்டர் மாமாவுக்கு எல்லாம் தெரியும். அப்பாவுக்குத் தேயிலை மட்டுந்தான் தெரியும்."

வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் பரமலிங்கம் அதைப் பாராட்டென்றே எடுத்துக்கொண்டிருப்பார். சொன்னது அவர் பெற்ற எட்டு வயது மகள் கமலாதேவி. அதுவும் பதுளையிலிருந்து தோட்டத்துக்குத் திரும்புகிற பஸ்ஸில், அத்தனை பேரும் கேட்கச் சொன்னாள். டொக்டர் குமாரசிங்கத்தின் விறாந்தையில் இருந்த மீன்தொட்டியைப் பார்த்துவிட்டு வந்த மயக்கம் அவளுக்கு.

ஐம்பத்தைந்தாம் ஆண்டில் நெட்டுமலைத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையே டீமேக்கர் பரமலிங்கத்தின் மூக்கை நம்பித்தான் ஓடியது. கொழுந்து வாடியது போதுமா, புளித்தது போதுமா என்று மோந்து பார்த்தே சொல்லிவிடுவார். துரைகூட அவர் சொன்னதற்கு மறுபேச்சுப் பேசுவதில்லை. ஆனால் துரை மதித்து என்ன செய்ய? சொந்தப் பிள்ளை தன்னை ஒருநாளாவது வாய்பிளந்து பார்க்கவேண்டும், அதுதான் அந்த மனுசனின் ஆசையெல்லாம். மீன்தொட்டி ஒன்று செய்தே தீருவது என்று பஸ்ஸை விட்டு இறங்கும்போதே முடிவுகட்டிவிட்டார்.

தேயிலைப் பெட்டிக்கு அடிக்கும் சட்டமும் தகரப்பட்டியும் தொழிற்சாலையில் குவிந்து கிடந்தன. கண்ணாடிதான் இல்லை. வெள்ளிக்கிழமை மனைவி லீலாதேவி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, அவள் சீதனமாகக் கொண்டுவந்த அலுமாரியின் கண்ணாடிக் கதவுகளைக் கழற்றினார். அவள் திரும்பி வந்தபோது அலுமாரி பல்லுப்போன கிழவன்போல நின்றது.

"அலுமாரிக் கதவு எங்கயப்பா?"

"தண்ணிக்குள்ள இருக்கு. நீர் கொஞ்சம் பொறுமையாப் பாரும்."

லீலாதேவி பார்த்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொட்டியின் மூலையில் கண்ணாடியை ஒட்ட அப்பியிருந்த மக்கு பிதுங்கி, தண்ணீர் முழுவதும் கூடத்தில் பாய்ந்தது. வீட்டு வேலைக்கு வரும் கருப்பம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாளியோடு ஓடிவந்தாள்.

"ஐயா, மீனுக்கு முந்தி நாமதான் நீந்தணும் போல இருக்குங்க!"

பரமலிங்கம் அசரவில்லை. புது மக்கு வைத்து இறுக்கினார். அடுத்தது மணல். ஆற்றில் அள்ளிய மணலை அப்படியே கொட்ட அவருடைய தொழில் இடம்கொடுக்கவில்லை. தொழிற்சாலையில் தேயிலை சலிக்கும் அறைக்குக் கொண்டுபோய், ரகம் பிரிக்கும் சல்லடைகளிலேயே அதையும் போட்டுச் சலித்து, முதல் ரகம், இரண்டாம் ரகம், தூள் ரகம் என்று தனித்தனியாகப் பிரித்தார். தூளை அடியிலும் முதல் ரகத்தை மேலேயும் பரப்பினார். மணலுக்கு ரகம் பிரித்த ஒரே டீமேக்கர் என்ற பெருமை இன்றுவரை அவருக்கே சொந்தம்.

டொக்டர் ஒரு போத்தலில் விரல்நுனியளவு கப்பி மீன்கள் இரண்டு கொடுத்தனுப்பினார். சாம்பல் நிறத்தில் ஒன்று, சிவப்பு வாலோடு ஒன்று. பதுளையைவிடத் தோட்டத்தில் குளிர் கூடுதல். மீன்கள் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றன.

"குளிருல வெறச்சுப் போச்சுங்க, பாவம்," என்று கருப்பம்மா தன் கம்பளியைக் கொண்டுவந்து தொட்டியைச் சுற்றிக் கட்டினாள்.

"அப்பா, இப்ப மீனை எப்பிடிப் பாக்கிறது?" என்று கமலா கேட்டாள்.

"விடியப் பாக்கலாம், குஞ்சு."

விடிந்ததும் கம்பளியை அவிழ்த்தார்கள். தொட்டிக்குள் நல்ல செம்மண் நிறத்தில் தேத்தண்ணீர் நின்றது. சல்லடைகளில் ஒட்டியிருந்த தேயிலைத்தூள் மணலோடு வந்து, கம்பளியின் கதகதப்பில் இரவிரவாகச் சாயம் இறங்கியிருந்தது. மீன் இருந்த தடமே தெரியவில்லை.

"பால் ஊத்தட்டோ, இல்லாட்டி வெறும் தேத்தண்ணியாவே விடுவமோ?" என்றாள் லீலாதேவி.

கமலாவின் கீழுதடு நடுங்கத் தொடங்கியது. பரமலிங்கம் அதைக் கண்டார். இப்போது ஏதாவது செய்யாவிட்டால் காலம் முழுக்கத் தேயிலை மட்டும் தெரிந்த அப்பாதான். கைதேர்ந்தவர் என்ன செய்வார்? தனக்குத் தெரிந்ததைச் செய்வார். தொழிற்சாலையில் தேநீர் ருசி பார்க்கும் வெள்ளைக் கிண்ணத்தை எடுத்துவரச் சொன்னார்.

"தண்ணியில என்ன பிழையெண்டு நாக்குச் சொல்லும்."

கிண்ணத்தில் மொண்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி ஒரே இழுப்பாக உறிஞ்சினார். வழக்கப்படி நாக்கில் உருட்டிவிட்டுத் துப்பவேண்டும். துப்பியும் இருப்பார். ஆனால் கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டிப் போன சிவப்பு வாலை லீலாதேவி கண்டுவிட்டாள்.

"ஐயோ, மீன்!"

அவள் போட்ட சத்தத்தில் பரமலிங்கம் விழுங்கிவிட்டார்.

ஒரு பாவமும் அறியாத மீனை மகள் கண்முன்னே தின்றுவிட்டோமே என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது. கமலா மெல்லக் கிட்ட வந்தாள். அவர் வயிற்றில் காதை வைத்தாள்.

"அப்பா... உள்ளுக்க நீந்துது!"

அவள் வாய் பிளந்திருந்தது.

அன்றிலிருந்து பரமலிங்கத்துக்குச் சுடுதேத்தண்ணீர் தடை. உள்ளே மீன் வெந்துவிடுமாம். டீமேக்கர் ஆறின தேத்தண்ணீரைக் குடித்தார். அடுத்த சனிக்கிழமை பதுளைக்குப் போனபோது கமலா டொக்டரை விடவில்லை.

"மாமா, உங்கட மீன் தொட்டிக்குள்ள. எங்கட மீன் அப்பாவுக்குள்ள. வேணுமெண்டா குழாயை வச்சுக் கேட்டுப் பாருங்கோ."

பரமலிங்கம் கண்ணாலேயே டொக்டரிடம் கெஞ்சினார். டொக்டர் நல்ல மனுசன். குழாயைக் காதில் மாட்டி, வயிற்றில் வைத்து, கண்ணை மூடிக் கேட்டார்.

"ஓம். நல்லா ஓடித் திரியுது."

திரும்பும்போது பஸ்ஸில் கமலா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மறுபடியும் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்: "டொக்டர் மாமாவுக்கு எல்லாம் தெரியாது. மீனை உள்ளுக்க வளக்கலாமெண்டு அவருக்கே இண்டைக்குத்தான் தெரியும்."

பரமலிங்கம் மிதந்துகொண்டே வீட்டுக்கு வந்தார். சப்பாத்தைக் கழற்றி உட்காருவதற்குள் கமலா ஒரு தம்ளரோடு எதிரே வந்து நின்றாள். தம்ளருக்குள் சாம்பல் நிறக் கப்பி சுற்றிக்கொண்டிருந்தது.

"இது தனிய இருந்து அழுகுதப்பா. இதையும் அதோட விடுங்கோ."

அவர் தம்ளரைப் பார்த்தார். அண்ணாந்து நின்ற அந்த முகத்தைப் பார்த்தார். பிறகு, காப்பாற்று என்பதுபோல மனைவியைப் பார்த்தார்.

லீலாதேவி காலியாகப்போகும் தொட்டியையும் கதவில்லாத அலுமாரியையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"பிள்ளை சொல்லுறதைக் கேளுங்கோவன். எனக்கு அலுமாரிக் கதவு வேணும்."

பரமலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார்.